நேற்று என்ன சாப்பிட்டாள்?

(கொலன்னாவையில் நடைபெற்ற சங்க உறுப்பினர், குடும்பத்தினர் ஒன்றுகூடலில் எமது அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையும் தொடுவேன். ஆனால் முதலில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இந்தக் கொலன்னாவைக்காரர். சிறுபிள்ளைகளின் போசாக்குக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளராக இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அக்கா என்றே சொல்கிறேன்.

கடந்த பாடசாலை விடுமுறையில், பிள்ளைக்காம்பராக்களை எப்படிச் சீர்ப்படுத்தலாம் என்று பார்த்துவர சங்கம் என்னை இங்கே அனுப்பியது. உண்மையைச் சொன்னால் எனக்கு விருப்பமில்லை. என்.ஜி.ஓ.காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜீப்பில் வருவார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறுப்பார்கள், படம் எடுப்பார்கள், பிஸ்கட் பக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவரும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

முதல் நாள் காலை அவரோடு ஒரு தோட்டத்துக்குள் நடந்தேன். இங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளைத்தான் கொழும்பில் தோட்டம் என்கிறார்கள். ஒரே சுவர், ஒரே குழாய், பொதுக் கழிப்பறை. நம் லயத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது. தூரத்தில் மீதொட்டமுல்ல குப்பை மேட்டைக் காட்டினார். 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு அன்று அந்தக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நான் 2014 ஒக்டோபர் 29ஐச் சொன்னேன், மீரியபெத்தையை மண் மூடிய நாளை. "உங்களுக்கு மண், எங்களுக்குக் குப்பை, ஆனா ரெண்டு இடத்திலயும் செத்தது ஏழை ஆக்கள்தான் சேர்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தோம்.

அவர் வீடு வீடாகப் போனார். கையில் கமரா இல்லை, ஒரு கொப்பியும் பேனையும்தான். தாய்மாரிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நேத்து காலைல எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும் பிள்ளை என்னென்ன சாப்பிட்டது?"

ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் சொன்னார்: "ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறீங்களா எண்டு கேட்டா, எந்தத் தாய் சேர் இல்லை எண்டு சொல்லுவா? குடுக்கிறன் எண்டுதான் சொல்லுவா. அது அவவுட மானம். நேத்து என்ன குடுத்தீங்க எண்டு கேட்டா பொய் சொல்லத் தேவையில்ல. பாண், சம்பல், பிளேன்டீ எண்டு அவவே சொல்லுவா. பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம்."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கட மகள் நேத்து என்ன சாப்பிட்டா சேர்?" என்று கேட்டார்.

தோழர்களே, என்னிடம் பதில் இல்லை. என் மகளுக்கு மூன்று வயது. நான் கூட்டங்களில் போசாக்கைப் பற்றிப் பேசுகிறவன். பாடசாலையில் பிள்ளைகளுக்கு உணவுப் பிரமிடு வரைந்து காட்டுகிறவன். என் சொந்தப் பிள்ளை முதல் நாள் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும். பகல் சோறும் பருப்பும். பின்னேரம் பிஸ்கட்டும் சாயத்தண்ணியும். இரவு ரொட்டி. முட்டை இல்லை, மீன் இல்லை, கீரை இல்லை. மாதச் சம்பளம் எடுக்கும் ஆசிரியரின் வீட்டில் இதுதான் நிலைமை.

இந்த அக்கா படித்துப் பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தவர் அல்ல. 2022இல் என்ன நடந்தது என்று யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை, முந்திய வருடத்தோடு பார்க்கும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நாட்டுக்கே எண்ணெய் சேமித்து வைக்கும் தாங்கிகள் இருக்கிற கொலன்னாவையில் சனங்கள் விறகு தேடினார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ராஜகிரியவில் மோசஸ் ஆகாஷ் என்ற பாதிரியார் தொடங்கிய சமூகச் சமையலறையைப் பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். அதுபோல இன்னும் பல இடங்களில் சனங்களே ஒன்றுசேர்ந்து சமைத்தார்கள். அப்படி ஒரு சமையலறையில் தேங்காய் துருவப் போனவர்தான் இந்த அக்கா. தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வேளைச் சோறு கிடைக்கும் என்றுதான் போனாராம். அங்கே பிள்ளைகளை நிறுக்க வந்தவர்களுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார். அப்படியே வேலை கிடைத்தது.

அவர் எனக்குச் சொல்லித் தந்தவற்றில் மூன்றை மட்டும் உங்களிடம் சொல்கிறேன்.

முதலாவது திரிபோஷா. 1973இல் தொடங்கிய திட்டம் இது. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள் எல்லாம் சேர்ந்த மா. கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், நிறை குறைந்த பிள்ளைக்கும் மாதம் 750 கிராம் பக்கெட் இரண்டு. கணக்குப் பாருங்கள். இரண்டு பக்கெட் 1500 கிராம். முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 50 கிராம். அது ஒரே ஒரு ஆளுக்கு அளந்த அளவு. நம் லயத்தில் என்ன நடக்கிறது? பக்கெட் வந்த அன்றைக்கே உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், சில வேளை பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் கொடுக்கிறோம். அஞ்சு பேருக்குப் பிரித்தால் நிறை குறைந்த பிள்ளைக்குக் கிடைப்பது 10 கிராம். "பிறகு கிளினிக்கில தாயை ஏசுவாங்க, ஏன் நிறை கூடல்ல எண்டு" என்றார் அக்கா. "ஆனா மற்றப் பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கக்க எந்தத் தாய்க்கு சேர் ஒரு பிள்ளைக்கு மட்டும் குடுக்க மனசு வரும்?" அவர் தாயைக் குற்றம் சொல்லவில்லை. வீட்டில் மற்றவர்களுக்கும் சாப்பாடு இருந்தால்தான் மருந்து மாதிரி வருகிற அந்த மா போகவேண்டிய வாய்க்குப் போகும் என்றார். சம்பளத்துக்கும் கிளினிக் காட்டுக்கும் உள்ள தொடர்பு இதுதான். நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று நாம் போராடியபோது, அது திரிபோஷாவுக்காகவும் நடந்த போராட்டம் என்று நமக்கே தெரியாமல் இருந்தது.

இரண்டாவது, நமக்குச் சொல்லவே கூச்சமான விஷயம்: தேத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை கொடுக்கிறவர்கள் நாங்கள். நம் பிள்ளைக்கு ரொட்டியோடு சேர்த்து சாயத்தண்ணி கொடுக்கிறோம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைச் சாயம் தடுக்கிறது. கீரையும் பருப்பும் கொடுத்து, அதன் மேலேயே தேத்தண்ணியும் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ஆனால் சத்து சேராது. சிறுபிள்ளைக்குத் தேத்தண்ணியே தேவையில்லை. பெரியவர்களும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது. இதற்குக் காசு செலவில்லை, நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

மூன்றாவது, ஆயிரம் நாள். தாயின் வயிற்றில் தங்கிய நாள் முதல் இரண்டு வயது முடியும் வரை உள்ள காலம். உயரம் குன்றுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் முழுதாக ஈடுசெய்வது கஷ்டம். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்தில் நூற்றுக்கு 32. மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் கட்டை, அது நம் பரம்பரை என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது பரம்பரை இல்லை, பசி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் தினமும் இரண்டாம் பாடத்தில் தூங்கிவிடுவான். எழுப்பி நிற்க வைப்பேன். சோம்பேறி என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். காலையில் அவன் என்ன சாப்பிட்டான் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. 2024 மார்ச் முதல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பகலுணவு என்று அரசாங்கம் விரிவுபடுத்திய பிறகு, வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள் குறைந்ததை நானே பார்த்தேன். அந்தப் பையன் இப்போது பாடசாலையில் இல்லை. இந்தக் கொழும்பில்தான் எங்கோ ஒரு கடையில் நிற்கிறானாம். இந்த மண்டபத்தில் இருந்தால், தம்பி, மன்னித்துக்கொள்.

பிறகு அக்கா ஒரு நாள் மலைக்கு வந்தார். பிள்ளைக்காம்பராவைக் காட்டினேன். ஆயம்மாவோடு பேசினார், கிளினிக் காட்டுகளைப் பார்த்தார். பிறகு மலைக்கு ஏறி, கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சியைக் கண்டார். ஐந்து மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். நெஞ்சுப் பகுதி நனைந்திருந்தது. "பால் குடுக்கப் போகல்லையா?" என்று கேட்டார். "போய் வந்தா பேர் விழாது அக்கா, அரைப் பேர்தான் போடுவாங்க" என்றாள் அவள்.

அன்று மாலை தேநீர்க் கடையில் இருந்தபோது அக்கா என்னிடம் கேட்டார்: "சேர், இதுக்கு ஒரு சட்டம் இருக்கோணுமே?" இருக்கிறது தோழர்களே. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானது. இது எனக்குத் தெரிந்த சட்டம்தான். ஆனால் எத்தனை பெரட்டில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவையும் இல்லை.

தோழர்களே, அந்த அக்காவும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான். வருடத்துக்கு வருடம் கையெழுத்து வைக்கும் ஒப்பந்த வேலை. நம் பாஷையில் கொந்தரப்பு. திட்டத்துக்குப் பணம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ரயிலேற்றிவிடப் போனபோது, உங்கள் நிறுவனம் எங்கள் தோட்டத்துக்கு வருமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "வந்தாலும் ரெண்டு வருஷம் சேர். எங்கட திட்டத்துக்கு முடிவுத் திகதி இருக்கு. உங்கட சங்கத்துக்கு அது இல்லையே. நாங்க செய்யிறத நீங்க படிச்சுக்கொள்ளுங்க, எங்களப் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க."

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கிளினிக் காட்டில் செம்மஞ்சள், சிவப்புக்கு இறங்கியவர்களின் தாய்மாரை மாதர் சங்கத் தலைவி மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பெரட்டில் வைத்து யாருடைய பிள்ளையின் பெயரையும் சொல்லக்கூடாது. ஏசுவதற்கும் போகக்கூடாது. "நேற்று என்ன சாப்பிட்டது?" என்ற கேள்வி மட்டும் போதும். குடும்பநல மருத்துவமாதுவோடு சேர்ந்தே இதைச் செய்வோம்.

இரண்டு: பாலூட்டும் இடைவேளையைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு நடக்கவே அரை மணித்தியாலம் போகிற இடங்கள் உண்டு. ஆகவே அந்தத் தாய்மாருக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுக்க வேண்டும், கொழுந்து அளவிலும் குறைத்துக் கணக்கிட வேண்டும். பால் கொடுக்கப் போனதற்காக அரைப் பேர் விழக்கூடாது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992இல் அமைக்கப்பட்டபோது அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் அதில் சேர்ந்தன. அங்கே நமக்கும் கதிரை இருக்கிறது. அந்தக் கதிரையில் இருந்து இதைப் பேச வேண்டும்.

மூன்று: இது ஆண்களுக்கு. அண்ணன்மாரே, தம்பிமாரே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும், கொழும்பில் தனியாக இருப்பவர்கள் ஃபோன் எடுத்தாவது, உங்கள் பிள்ளை இன்று என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். தாயைக் கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்கக்கூடாது. பதிலைக் கேட்டபிறகு உங்கள் பங்குக்கு என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். லயத்துக்குப் பின்னால் நாலடி நிலத்தில் கீரை போட ஆண்கள் கைக்கும் பலம் உண்டு. சாராயத்துக்குப் போகிற காசில் எத்தனை முட்டை வரும் என்ற கணக்கை நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் ஒப்பந்தம் இந்த வருட முடிவில் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று அவருக்கே தெரியாது. இன்றைக்கு இங்கே வரச் சொல்லிக் கேட்டேன். வேலை இருக்கிறது, வர முடியாது என்றார். இரண்டு வீதி தள்ளி, ஏதோ ஒரு வீட்டு வாசலில் இப்போது கொப்பியோடு நின்றுகொண்டிருப்பார்.

நேற்று என் மகள் காலையில் ஒரு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். பகல் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், நெத்தலி. பின்னேரம் ஒரு வாழைப்பழம். இரவு சோறும் மிச்சப் பருப்பும். வீட்டுக்கு ஃபோன் எடுக்காமலே சொல்கிறேன்.