பனிமலையில் தங்க ஓர் ஊர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு எவ்வூருக்கு அழைத்துச் செல்லலாம் என ஆராய்ந்து சொல்லுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தனர். சறுக்குக்கட்டையில் நான் இரு முறை ஏறினேன்; இரு முறையும் பனியில் அமர்ந்தேன். ஆகவே சறுக்குவதைப் பற்றிப் பேசத் தகுதியில்லை. ஊரைப் பற்றிப் பேசுகிறேன்.

பனி ஒன்றே பொருள் என்றால் குல்மார்க்குக்கு நிகரான இடம் நம் நாட்டில் இல்லை. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அப்புல்வெளியிலிருந்து, அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே ரோப்கார் ஏறிச் செல்கிறது. ஆனால் அங்கே பணிபுரிவோருள் பெரும்பாலோர் கீழுள்ள டங்மார்க்கையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள். மாலையில் உலவச் சென்றால் நலம் விசாரிக்கத் திண்ணையில் ஒருவர் இரார். விடுதிகள் உண்டு, ஊர் இல்லை.

ஆதலின் நான் மணாலியைச் சொல்கிறேன். அதன் கடைத்தெருவை அன்று. அது நம் கரோல்பாகை மலைமேல் ஏற்றி வைத்தது போன்றது! பழைய மணாலி, வசிஷ்ட், கோஷால், புருவா முதலிய சிற்றூர்களையே சொல்கிறேன். மரமும் கல்லும் மாறிமாறி அடுக்கிய பழைய வீடுகள் அங்கே இன்னும் உள்ளன. பனி உருகிய பின்னும் அவ்வூர்களுக்கு வேலை உண்டு. மே மாதத்தில் தேவதாரு மரங்களிடையே, 1553-இல் எழுந்த ஹடிம்பா கோயிலில் விழா. ஆகஸ்டு முதல் ஆப்பிள் அறுவடை. பின்னர் குல்லு தசராவுக்கு ஹடிம்பா தேவி புறப்படுகிறாள். அவள் சென்று சேர்ந்தாலன்றி அங்கு விழா தொடங்குவதில்லை. வசிஷ்டின் வெந்நீர் ஊற்றிலோ ஆண்டு முழுவதும் நீராடலாம்.

சறுக்குவதற்குச் சோலாங் பள்ளத்தாக்கு அருகில் இருக்கிறது. குல்மார்க்கைப் போல் பனியை அங்கு நம்ப இயலாது என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் 1961-இல் மணாலியில் நிறுவப்பட்ட மலையேற்றப் பயிற்சிக் கழகம் அங்கே சறுக்கக் கற்பிக்கிறது. 2018-இல் துருக்கியில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற ஆஞ்சல் தாக்கூர் புருவாவின் மகள். அங்கே சறுக்கு வந்தவர்களின் கேளிக்கை மட்டுமன்று. ஊர்ப் பிள்ளைகளின் கலையுமாகும்.

இனி, ஒன்றைக் கூறியாக வேண்டும். மகர சங்கராந்தியன்று கோஷால் முதலான ஒன்பது சிற்றூர்களின் தெய்வங்கள் விண்ணுலகம் செல்வதாக அம்மக்கள் நம்புகிறார்கள். அன்றிலிருந்து 42 நாட்கள் அங்கே ஆரவாரம் கூடாது. தொலைக்காட்சி இல்லை, உழவும் இல்லை. சோலாங்கும் புருவாவும் அவ்வொன்பதில் அடங்கும். சறுக்குக்கு உகந்த நாட்களும் அவையே!

இதை அறியாமல் ஒரு தைத் திங்கள் முதல் நாள், தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் நாங்கள் பொங்கலிட்டோம். பால் பொங்கியதும் வழக்கம்போல் உரக்கக் கூவினோம். வீட்டுக்கார அம்மையார் ஓடி வந்தார். வையவில்லை; உதட்டில் விரலை வைத்து, மலை உச்சியைக் காட்டினார். எனக்கு நாணமாக இருந்தது. சற்று நேரத்தில் அவரே ஒரு கிண்ணத்துடன் வந்து பொங்கல் கேட்டு வாங்கி, எங்களோடு அமர்ந்து உண்டார். விடைபெறும்போது, மீண்டும் ஆப்பிள் பழுக்கும் காலத்தில் வருமாறு சைகையால் அழைத்தார்.

சென்றோம். அப்போது அவர் ஓயாமல் பேசினார்!

இவ்வாண்டு புறப்படுவோர் ஒலிபெருக்கியைத் தில்லியிலேயே விட்டு வர வேண்டுகிறேன். பானையை எடுத்து வரலாம்.