கை பழகும்போதே எழுத்தும் பழகட்டும்

(புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தன்னார்வலர்களுக்கான ஒன்றிய அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரை)



15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான இத்திட்டத்தில் எழுத்தறிவோடு தொழில் திறனும் ஒரு கூறு. எங்கள் மையத்தில் அதற்கெனப் பனையோலைக் கொட்டான் பின்னுகிறோம். செட்டிநாட்டு வீட்டு விசேஷங்களில் சீர்ப்பொருள் வைத்துக் கொடுக்கும் கொட்டான்தான். இன்று புவிசார் குறியீடு பெற்றது. எழுத்து வகுப்பைவிடக் கைவேலை வகுப்பு எளிது என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, உடல். பகலெல்லாம் களையெடுத்துவிட்டு, நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களின் விரல்கள் காய்த்திருக்கும். நாற்பதைக் கடந்தவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும். ஓலை நழுவினால் "எனக்கு வராது" என்று எழுந்துவிடுவார்கள். பல நேரம் கை அல்ல, கண்தான் காரணம். முதல் வாரத்திலேயே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். விரலகல ஓலையில் தொடங்கி, பிறகு மெல்லிய ஓலைக்கு வாருங்கள்.

இரண்டாவது, மானம். பலர் முன்னால் பின்னலைப் பிரித்துக் காட்டினால் மறுநாள் வரமாட்டார்கள். பக்கத்தில் அமர்ந்து நீங்களும் ஒன்று பின்னுங்கள். பார்த்து அவர்களே திருத்திக்கொள்வார்கள். தென்னங்கீற்று முடைந்தே வளர்ந்தவர்கள் சிலர் இருப்பார்கள். அன்றைய வகுப்பை அந்த அக்காவிடமே கொடுங்கள். ஓலையில் நமக்குக் கற்றுக்கொடுத்தவர், மறுநாள் 'அ' எழுத நம்மிடம் கூச்சப்படமாட்டார்.

மூன்றாவது, பயன். "இதக் கத்து என்ன ஆகப்போகுது?" என்பது நியாயமான கேள்வி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இதே மாவட்டப் பெண்கள் திரளாக சைக்கிள் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, மறுநாளே அது உதவியது. கொட்டானுக்கும் அப்படியொரு பயன் வேண்டும்.

எனவே, கணக்கைச் சேர்ந்தே போடுங்கள். ஓலைக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, பின்ன எத்தனை மணி நேரம், என்ன விலைக்குப் போகும்? அவர்களே எழுதிக் கூட்டிக் கழிக்கட்டும். அதுவே அன்றைய எண்ணறிவுப் பாடம். கூலி கட்டாது என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னுவதா, குழுவாகச் சேர்ந்து விற்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வருகைப் பதிவேட்டை நிரப்புவதற்காக இல்லாத வருமானத்தைச் சொல்லக் கூடாது. ஒருமுறை ஏமாந்தவர்கள் எழுத்து வகுப்புக்கும் திரும்ப மாட்டார்கள்.

விற்கிற ஒவ்வொரு கொட்டானிலும் ஒரு சீட்டுக் கட்டுங்கள். விலையையும் தன் பெயரையும் பின்னியவரே அதில் எழுதட்டும்.