தோலின் வடுவும் கைபேசியின் தடமும்

இணையதளங்களுக்குச் செல்வோர் அவர்கள் அறியாமலே பின்தொடரப்படுவதும், அதனால் அவர்களின் அந்தரங்கத்துக்கு நேரும் கேடுமே இன்றைய உரையின் பொருள்.

தோல் தொழிலில் 'செலக்‌ஷன்' என்று வழங்கும் தரம் பிரிக்கும் வேலையை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை வட்டாரத்தில் அறியாதவர் குறைவு. வெளிச்சம் நன்றாக விழும் மேசையில் தோலை விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிப் பார்க்கும் கைதேர்ந்த தொழிலாளி, உண்ணி கடித்த புள்ளிகளையும், முள் கிழித்த கீறலையும், சூடு போட்ட வடுவையும், உரித்தபோது கத்தி பட்ட வெட்டையும் சில நொடிகளில் கண்டுகொண்டு, அந்தக் கால்நடை எப்படி வளர்ந்தது என்பதைக்கூட ஓரளவு சொல்லிவிடுகிறார். அந்தக் கணக்கைக் கொண்டே தோலுக்கு இன்ன தரம், இன்ன விலை என்று முடிவாகிறது. உயிரோடிருக்கும் மனிதர்களையும் இவ்வாறே விரித்து வைத்து, அவர்கள் விட்டுச்சென்ற தடங்களைப் படித்து, தரம் பிரித்து விலை குறிக்கும் தொழிலொன்று கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் வளர்ந்துவிட்டது. அந்தத் தொழிலின் மேசை, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் கைபேசியாகும்.

அதன் தொடக்கம் மிக எளியது. இணையத்தின் அடிப்படை விதிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவர் அடுத்த நொடியில் மற்றொரு பக்கத்தைக் கேட்டால், இரண்டையும் கேட்டவர் ஒருவரே என்பதை அனுப்பும் கணினி அறியாது. இந்தக் குறையைத் தீர்க்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டுல்லி 1994-இல் 'குக்கீ' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். ஓர் இணையதளம் பார்வையாளரின் உலாவியில், அதாவது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளில், எழுதி வைக்கும் சிறு அடையாளச் சீட்டுக்கே குக்கீ என்று பெயர். அதே உலாவி மறுமுறை வரும்போது சீட்டைக் காட்டும், தளமும் அடையாளம் கண்டுகொள்ளும். நெட்ஸ்கேப் தன் சொந்தத் தளத்துக்கு வருவோர் ஏற்கெனவே வந்தவர்களா, புதியவர்களா என்று அறிவதற்கே இதை முதலில் பயன்படுத்தியது. குக்கீயை ஏற்கும் அந்த உலாவியின் முன்னோட்டப் பதிப்பு வெளியான நாள் 1994 அக்டோபர் 13.

அதற்கு ஆறு நாள் முன்னதாக, அக்டோபர் 7 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே நினைக்கத்தக்கது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிட முனைந்த 'நக்கீரன்' இதழைச் சிறைத்துறை தடுக்கப் பார்த்ததால், அதன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கு அது. அரசு இதழின் வாயை முன்கூட்டியே அடைக்க முடியாது என்று கூறிய நீதிமன்றம், அதே மூச்சில், தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும், தன் குடும்பம், மணவாழ்வு, மகப்பேறு, கல்வி ஆகியவை பற்றிய செய்திகளைக் காத்துக்கொள்ளும் அந்த உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் வரையறுத்தது. ஒரே வாரத்தில் ஒரு கரையில் உரிமை எழுதப்பட்டது. மறுகரையில் அதைக் கரைக்கும் கருவி வெளியே வந்தது.

குக்கீ தனக்குரிய தளத்தோடு நின்றிருந்தால் இத்தனை கேடு நேர்ந்திருக்காது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தத் தளத்தின் உரிமையாளர் தரும் செய்தியோடு, விளம்பர நிறுவனங்கள், கணக்கெடுக்கும் நிறுவனங்கள் ஆகியோரின் நிரல்களும் கூடவே இறங்கி, தத்தம் சீட்டுகளை உலாவியில் எழுதிவிடுகின்றன. இவையே 'மூன்றாம் தரப்புக் குக்கீகள்' எனப்படுகின்றன. சிகிச்சைக்காக வேலூரை நாடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருப்போரை எண்ணிப் பார்த்தால் இதன் வீச்சு புலப்படும். அவர்களுள் ஒருவர் முதலில் ஒரு நோயின் பெயரைத் தேடுகிறார், பிறகு அறுவைச் சிகிச்சையின் செலவைப் பார்க்கிறார், பிறகு மருத்துவமனை அருகில் அறை விசாரிக்கிறார், கடைசியாகக் காட்பாடிக்கு ரயில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். நான்கு தளங்களும் ஒன்றையொன்று அறியா. ஆனால் நான்கிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், வீட்டாரிடம்கூட அவர் இன்னும் சொல்லாத நோய் அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

சீட்டை அழித்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படமாகப் பக்கத்திலும் மின்னஞ்சலிலும் ஒளிந்திருந்து, திறக்கப்பட்ட நேரத்தைத் தன் முதலாளிக்கு அறிவிக்கும் 'பிக்சல்' ஒருபுறம் இருக்கிறது. மறுபுறம், திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர வலயம் போன்ற அற்பக் குறிப்புகளைச் சேர்த்தே ஒரு கருவியை இனங்காணும் 'கைரேகை' முறையும் இருக்கிறது. 2010-இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு சோதித்த உலாவிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவை இவ்வகையில் தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. மறைநிலைச் சாளரமும் காப்பாற்றுவதில்லை. அந்தச் சாளரத்தில் உலவியோரின் விவரங்களையும் கூகுள் திரட்டியது என்று அமெரிக்காவில் 2020-இல் தொடுக்கப்பட்ட வழக்கு, அந்த நிறுவனம் திரட்டிய பதிவுகளை அழிக்க 2024-இல் ஒப்புக்கொண்ட பிறகே முடிவுக்கு வந்தது. இவ்வாறு திரட்டப்பட்ட விவரங்களின் பேரில், பக்கம் திரையில் விரிந்து முடிவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. அந்தப் பார்வையாளருக்கு விளம்பரம் காட்டும் உரிமைக்கு அங்கே விலை கேட்கப்படுகிறது. தோல் மண்டி ஏலத்தில் சரக்கு யாருடையது என்பதாவது தெரியும். இங்கே சரக்காக இருப்பவருக்கு ஏலம் நடந்ததே தெரிவதில்லை.

விளம்பரம் வந்தால் வந்துவிட்டுப் போகிறது என்று இதைத் தள்ளிவிட முடியாதபடி செய்தவை கடன் செயலிகள். மாதக் கடைசியில் கைமாற்றுக்கு வழியில்லாமல், காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து காலணியின் மேற்பாகமான 'அப்பர்' தைக்கும் ஒரு பெண் உணவு இடைவேளையில் இத்தகைய செயலியைத் திறந்தால், திரையில் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதிக் கேள்விகள் எழும்: தொடர்பு எண்கள், படங்கள், இருப்பிடம், குறுஞ்செய்திகள். ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே பளிச்சென்று ஒரு பொத்தான். மூவாயிரம் ரூபாய்க்காக நான்கு முறை விரல் படுகிறது. தவணை தவறிய மறுநாள் மேற்பார்வையாளருக்கும், நாத்தனாருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் அழைப்பு போகும். நாடெங்கும் இந்த முறையில் மிரட்டப்பட்டோர் பலர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. இதன் பிறகே இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, கடன் செயலிகள் கைபேசியின் தொடர்புப் பட்டியலையும், படங்களையும், அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று தடுத்தது. அதற்குப் பின்னும் அந்த அனுமதிகளைக் கேட்கும் செயலி, கேட்பதாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்பலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று நிலைநாட்டினர். அதன் வழியே வந்தது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன்படி, இசைவு என்பது தானாக முன்வந்து, இன்ன நோக்கத்துக்கென்று அறிந்து, தெளிவான செயலால் தெரிவிக்கப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

இந்தச் சட்டத்தைப் பாலாற்றங்கரையில் நின்று அளந்து பார்ப்பது முறையாகும். ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத கேட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்திய நாடு விடை கண்ட இடம் இதுவே. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் கலந்து கிணறுகள் கெட்டபோது, வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று நெறிகளை நாட்டின் சட்டமாக்கியது. கேடு முழுதும் நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும். தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துவோரையே சாரும். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும். அந்தத் தீர்ப்பின் வழி அமைந்த ஆணையம் 29,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கணக்கிட்டது. அப்படியிருந்தும், ஆறு மீளாததால், அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தீர்ப்பு எழுத நேர்ந்தது. காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்று நெறிகளுள் மூன்றாவதைப் புதிய சட்டம் கைவிட்டிருக்கிறது என்பதே இதன் பெருங்குறை. வசூலாகும் தண்டம் முழுவதும் அரசின் தொகுநிதிக்குச் செல்கிறது. கவனக்குறைவால் விவரங்களைப் பறிகொடுத்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிதந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. நிலம் கெட்ட உழவருக்குக் கிடைத்த நியாயம், பெயர் கெட்ட தொழிலாளிக்கு மறுக்கப்படுவது எவ்வகையிலும் தகாது. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்குத் தரப்பட்டுள்ள பரந்த அதிகாரமும் கண்டனத்துக்குரியது. மெய்ப்பிக்கும் சுமையும் நடைமுறையில் தலைகீழாகக் கிடக்கிறது: 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதற்கு ஒரே தொடுதல், மறுப்பதற்கு மூன்று பக்கம். இந்தத் தந்திரத்துக்காகவே பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் அறிவித்தது.

பின்தொடராவிட்டால் இலவச இணையம் நின்றுவிடும் என்பது அந்தத் தொழிலின் வாதம். இதற்கும் ஆம்பூரின் அனுபவமே விடை சொல்லும். ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோஃபீனால் என்ற வேதிப்பொருளுக்கு ஜெர்மனி 1989 இறுதியில் கடும் வரம்பு விதித்தபோது, ஏற்றுமதியே முடிந்தது என்ற அச்சம் எழுந்தது; ஆனால் தோல் ஷாப்புகள் மாற்றுப் பொருளுக்கு மாறின, சோதனைச் சான்றோடு சரக்கு போயிற்று, தொழில் நிற்கவில்லை. இணையத்திலும் அதுவே நடந்திருக்கிறது. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முற்றிலும் தடுக்கிறது. அதில் உலவுவோருக்கு எந்தச் செய்தித்தாளும் மூடிப்போகவில்லை. அந்தக் குக்கீகளை ஒழிப்பதாக அதே ஆண்டில் உறுதி கூறிய கூகுள், 2024 ஜூலையில் பின்வாங்கியது. செய்ய முடியாதது என்பதற்கும் செய்ய மனமில்லாதது என்பதற்கும் உள்ள தொலைவை இந்த இரு நிறுவனங்களையும் அடுத்தடுத்து வைத்தால் காணலாம்.

இந்த அவையில் தொழிற்சாலை நடத்துவோரும், கல்லூரி நடத்துவோரும், மருத்துவமனைப் பணியாளரும், நகராட்சி உறுப்பினரும் இருக்கின்றனர். தத்தம் இணையதளத்தில் யாருடைய நிரல்கள் ஓடுகின்றன என்று அவர்கள் நாளையே கேட்டறிந்து, தேவையற்றவற்றை நீக்கச் செய்யுமாறு வேண்டப்படுகின்றனர். தொழிற்சங்கத்தார், தையல் கூடத்திலும் வாயிற்கூட்டத்திலும் கைபேசி அனுமதிகளை எப்படித் திரும்பப் பெறுவது என்பதைத் தொழிலாளருக்குக் காட்டித்தர வேண்டும். இசைவு கேட்கும் அறிவிப்பைத் தாய்மொழியில் கேட்டுப் பெறுவதும் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கில மூலம், தரவுக்கு உரியவரைக் குறிக்க 'அவள்' என்ற பெண்பாற் சொல்லையே ஆள்கிறது. அவள் விரும்பினால், அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அறிவிப்பைப் படிக்க நிறுவனம் வழிசெய்ய வேண்டும் என்று அதன் 5ஆம், 6ஆம் பிரிவுகள் கூறுகின்றன. ஆம்பூரின் வீடுகளில் பேசப்படும் தமிழும் உருதுவும் அந்த அட்டவணையில் இருக்கின்றன.