நிறத்துக்கு ஒரு பெயர், இடைவெளிக்கு ஓர் அளவு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க வேலையைப் பற்றி, பசங்களுக்குப் புரியற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். திரையில் தெரியும் பக்கங்களைக் கட்டுவது என் வேலை. அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் டிசைன் டோக்கன். டோக்கன் என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் இது வேறு.

நம் மலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தோடர் இனப் பெண்களின் பூத்தையல் எல்லோரும் பார்த்ததுதான். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். துணியில் கோடு எதுவும் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணித் தைக்கிறார்கள். போர்வையில் வரும் அதே கோலத்தை இன்று கைப்பையிலும் மேசை விரிப்பிலும் பார்க்கிறோம். பொருள் மாறுகிறது; நிறமும் கணக்கும் மாறவில்லை. அந்த நிறத்தையும் கணக்கையும் தனியே எழுதி வைத்தால் எப்படியோ, அதுதான் டிசைன் டோக்கன். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் ஜீனா ஆன், ஜான் லெவின் ஆகியோர் 2014 வாக்கில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இங்கே கணிப்பொறி படிக்கும் மாணவர்களில் பலருக்கு டெயில்விண்ட் என்ற சி.எஸ்.எஸ். கட்டமைப்பு தெரிந்திருக்கும். 2017 நவம்பரில் வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பு வரை 'கான்ஃபிக்' என்றொரு கோப்பு உண்டு. நிறங்கள், எழுத்தளவு, இடைவெளி, மூலை வளைவு, நிழல் எல்லாம் அதில் 'தீம்' என்ற பகுதியில் உட்கார்ந்திருக்கும். ஒரு நிறுவனத்தின் தோற்றத்தைப் பற்றி எடுத்த முடிவுகள் அத்தனையும் அந்த ஒரு கோப்புக்குள்தான். ஆனால் அந்தக் கோப்பை டெயில்விண்ட் மட்டுமே படிக்கும். ஆண்ட்ராய்டு செயலி படிக்காது. அச்சிடும் ரசீது படிக்காது. அங்கேதான் சிக்கல்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து வேலை செய்தோம். அங்கே மூன்று முகங்கள் இருந்தன. அலுவலகத்துக்கு ஓர் இணையப் பக்கம்; பச்சைத் தேயிலை எடைபோடும் இடத்தில் ஒரு ஆண்ட்ராய்டு செயலி; சிறு விவசாயி கையில் கொடுக்கும் கணக்குச் சீட்டு. மூன்றிலும் 'பிடித்தம்' என்பது ஒரே நிறத்தில், ஒரே அழுத்தத்தில் தெரிய வேண்டும். ஏனென்றால் விவசாயி முதலில் பார்ப்பது அதைத்தான். ஆகவே கான்ஃபிக் கோப்பிலிருந்து டோக்கன்களைப் பிரித்தெடுத்தோம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி, முழுக் கணக்கை எடுப்பது. கோப்பில் நாம் எழுதியது பாதிதான். மீதி கட்டமைப்பின் உள்ளேயே இருக்கிறது. 'எக்ஸ்டெண்ட்' என்ற பகுதியில் எழுதியது இருப்பதோடு கூடும். அதற்கு வெளியே நேரடியாக எழுதியது இருப்பதை அழித்துவிட்டுத் தான் உட்காரும். இரண்டையும் சேர்த்துக் கடைசி விடை என்ன என்று சொல்ல மூன்றாம் பதிப்பில் 'ரிசால்வ் கான்ஃபிக்' என்ற செயல்கூறு உண்டு. கோப்பைக் கண்ணால் படித்து நகலெடுக்காமல் அதைக் கேட்பதே முறை.

இரண்டாம் படி, சலிப்பது. முழுக் கணக்கு என்றால் கொட்டும். மூன்றாம் பதிப்பின் பிற்பகுதியில் 22 நிறக் குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் 11 சாயல்கள், மொத்தம் 242. எந்தத் தொழிற்சாலைக்கு இத்தனை நிறம் வேண்டும்? பயன்படுத்திய வகுப்புகளுக்கு மட்டுமே டெயில்விண்ட் இறுதிக் கோப்பில் விதி எழுதும். அந்தக் கோப்பைப் பார்த்தால் எது உண்மையில் புழங்குகிறது என்று தெரிந்துவிடும். மற்றதைச் சல்லடையில் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி, நேராக்குவது. நிறங்கள் கிளைக்குள் கிளையாக இருக்கும். எழுத்தளவோடு வரி உயரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில மதிப்புகள் எண்ணாக இல்லாமல் செயல்கூறாக இருக்கும். அவற்றை இயக்கி விடையை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பெயர், ஒரு வகை, ஒரு மதிப்பு என்ற தட்டையான பட்டியலாக்க வேண்டும். இணையத்தின் 'ரெம்' அளவு ஆண்ட்ராய்டுக்குப் புரியாது; 1 ரெம் என்பது வழக்கமாக 16 பிக்சல் என்று கொண்டு மாற்ற வேண்டும். இந்த மாற்று வேலைக்கு அமேசான் வெளியிட்ட 'ஸ்டைல் டிக்‌ஷனரி' என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது.

நான்காம் படி, பெயர் வைப்பது. கடினமானது இதுதான், நேரம் பிடிப்பதும் இதுதான். 'பச்சை 700' என்பது நிறத்தின் பெயர். 'முதன்மைப் பொத்தான் பின்னணி' என்பது அதன் வேலையின் பெயர். கீழ் அடுக்கில் நிறம், மேல் அடுக்கில் வேலை. மேலே இருப்பது கீழே இருப்பதைச் சுட்ட வேண்டும். நாளைக்கு நிறுவனம் பச்சையை விட்டு நீலத்துக்குப் போனால் ஒரே வரியை மாற்றினால் போதும். எல்லாவற்றையும் டோக்கன் ஆக்கவும் கூடாது. கோப்புகள் இருக்கும் பாதை, செருகு நிரல்கள் இதெல்லாம் கட்டமைப்பின் சொந்த விஷயம்; அங்கேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி, திசையைத் திருப்புவது. டோக்கன்களை எடுத்துத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, பழைய கான்ஃபிக்கையும் கையால் திருத்திக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் இரண்டும் இரண்டு கதை சொல்லும். எடுத்த பிறகு டோக்கன் கோப்புதான் மூலம். கான்ஃபிக், செயலியின் கோப்பு, ரசீதின் அளவு எல்லாம் அதிலிருந்து பிறக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் நான்கு படிகளும் வீண்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். டெயில்விண்டின் நான்காம் பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. அமைப்புகள் எல்லாம் சி.எஸ்.எஸ். கோப்புக்குள்ளேயே போய்விட்டன, 'ரிசால்வ் கான்ஃபிக்' எடுக்கப்பட்டுவிட்டது. பழைய கான்ஃபிக் கோப்பை இணைத்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் அது பழையதற்கான சலுகை. தன் முடிவுகளைத் தனிக் கோப்பில் வைத்திருந்தவர்களுக்கு வெளியே வரும் வடிவத்தை மாற்றுவதோடு வேலை முடிந்தது. 2025 அக்டோபரில் டபிள்யூ3சி-யின் சமூகக் குழு ஒன்று டோக்கன் கோப்புக்கான பொது வடிவத்தின் முதல் நிலையான பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் நம் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அரசு இணையதளங்களின் நிறம், எழுத்துரு, சின்னங்களுக்கு ஒரே கையேட்டைக் கொண்டுவந்தது. பலர் பல இடங்களில் ஒரே தேவையை உணர்ந்திருக்கிறார்கள்.

மாணவர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்தக் கட்டமைப்புகளில் இருக்கும் அளவுகள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் போட்டவை. டெயில்விண்டில் 48 பிக்சல் தலைப்புக்கு வரி உயரமும் 48 பிக்சல்தான். ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் மேலே 'கீ'யின் சுழி, கீழே 'ழூ'வின் வால். இரண்டு வரித் தலைப்பு வந்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையைத் தொடும். 'சப்மிட்' என்ற பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. தமிழுக்கென்று தனி வரி உயரம், தனிப் பொத்தான் அகலம் வேண்டும். அதை யார் போடுவது?

நிறமும் அப்படியே. வெள்ளைப் பின்னணியில் 132, 186, 91 என்ற இளம் பச்சை, தேயிலைக் கொழுந்துபோல் அழகாக இருக்கும். ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டு விகிதம் 2.3 தான். சாதாரண எழுத்துக்கு உலகளாவிய அணுகுதல் நெறி கேட்பது 4.5. அதையே 47, 107, 58 என்று அடர்த்தியாக்கினால் 6.4 வருகிறது. அறுபது வயதுப் பெரியவர் வெயிலில் நின்று, கைப்பேசியில் தன் இலையின் எடையையும் பிடித்தத்தையும் தானே படிக்க முடியுமா, இல்லை பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துக் கேட்க வேண்டுமா என்பதை இந்த மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. டோக்கனில் ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் எல்லா முகத்திலும் சரியாகும். தப்பாகப் போட்டாலும் எல்லா முகத்திலும் தப்பாகும். ஆகவே கவனம் தேவை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் துறையில் நாலைந்து மாணவர்கள், சங்கத்திலிருந்து அனுபவமுள்ள இரண்டு பேர், ஒரு விடுமுறைக் காலம். இது போதும். தமிழ் எழுத்துக்குப் பொருந்தும் வரி உயரம், எழுத்தளவு, இடைவெளி, படிக்கத்தக்க நிறம் இவற்றைக் கைப்பேசியில் பெரியவர்களிடம் காட்டிச் சோதித்து, ஒரு டோக்கன் கோப்பாக்கி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவோம். கோத்தகிரியில் ஒரு கூட்டுறவுச் சங்கமும் எடுத்துக்கொள்ளலாம், கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பள்ளியும் எடுத்துக்கொள்ளலாம். கட்டமைப்புகள் வரும், போகும். வகுப்புப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவார். இந்த அளவு ஏன் இது என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஊட்டியில் இருந்தாலும் வேலை உண்டு.

என் பங்குக்கு வாரம் ஒரு மாலை தருகிறேன். சேர விரும்புகிறவர்கள் மதிய உணவுக்குப் பிறகு என்னைப் பாருங்கள்.