வலிக்குப் பச்சை வெளிச்சம்

ஒற்றைத் தலைவலி வந்தால் சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, இருட்டில் படுத்துவிடுவார்கள். வெளிச்சமே ஊசியாகக் குத்தும் நோய் அது. அந்த நோய்க்கு வெளிச்சத்தையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் பச்சை வெளிச்சத்தை.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக வலி மருத்துவர் மொஹாப் இப்ராஹிம் இதில் முன்னோடி. தலைவலி வந்தால் மரங்களுக்கு நடுவே போய் உட்காரும் தம் சகோதரரைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்ததாம். 2017இல் அவருடைய குழு வெளியிட்ட எலிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நாளுக்கு 8 மணி நேரம் பச்சை எல்இடி வெளிச்சத்தில் இருந்த எலிகள், சூடு பட்டால் காலை இழுத்துக்கொள்ளக் கூடுதல் நேரம் எடுத்தன. வலி மட்டுப்பட்டிருந்தது. பிறகு சில எலிகளின் கண்ணில் ஒளி புகாத லென்ஸை மாட்டினார்கள். உடம்பெல்லாம் பச்சை வெளிச்சம் பட்டும் பலனில்லை. வேறு சில எலிகளுக்குப் பச்சை லென்ஸை மாட்டிச் சாதாரண அறை வெளிச்சத்தில் விட்டார்கள். பலன் கிடைத்தது! காமாலை கண்ட பச்சிளங்குழந்தையை நீல விளக்கின் கீழ் கிடத்தும்போது ஒளி தோலில் வேலை செய்கிறது. இங்கே அது கண் வழியாகப் போய், உடம்பே சுரக்கும் என்கெஃபலின் என்ற வலியடக்கியைக் கூட்டுகிறது. வலிக்கிற மூட்டில் வண்ண விளக்கைக் காட்டிக் காசு வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் பச்சை? பாஸ்டனில் ராமி பர்ஸ்டைன் குழுவினர் 2016இல் காட்டியபடி, நீலமும் சிவப்பும் ஒற்றைத் தலைவலியைக் கிளறிவிடுகின்றன. மங்கலான பச்சை சற்றே தணிக்கிறது. விழித்திரையில் அது எழுப்பும் மின்சலனம் மற்ற நிறங்களைவிடக் குறைவு.

மனிதர்களிடம் இப்ராஹிம் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. 29 பேர், முதலில் 10 வாரம் வெள்ளை விளக்கு, அப்புறம் 10 வாரம் பச்சை, தினமும் ஒன்றிரண்டு மணி நேரம். அவர்களில் மாதத்துக்குச் சராசரியாக 22 நாள் தலைவலியோடு கிடந்தவர்களுக்கு அது 9 நாளாகக் குறைந்தது. பெரிய நிம்மதிதான். ஆனாலும் 29 பேர் போதாது. எந்த நிறம் எரிகிறது என்பதை நோயாளியிடம் மறைக்கவும் வழியில்லை. ‘இது குணமாக்கும்’ என்ற நம்பிக்கைக்கும் இதில் பங்கிருக்கலாம். எலிக்கு அந்த நம்பிக்கை கிடையாது என்பதால்தான் நான் இதை ஒதுக்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்களிடம் இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பச்சைத்தாள் ஒட்டிய பல்பு உதவாது, வேறு நிறங்களும் கசியும். பச்சை மட்டும் தரும் மங்கலான எல்இடி வேண்டும். அறையில் வேறு வெளிச்சம் கூடாது. விளக்கையே முறைத்துப் பார்க்க வேண்டாம், ஆனால் கண் திறந்திருக்க வேண்டும், தூங்கிவிடக் கூடாது. பாட்டுக் கேட்கலாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் என்றால் விளக்கைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.