மின்சாரத்துக்கும் முறை வைப்போம்



மேலூர், திருமங்கலம் சாலைகளில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகி வருவதைக் காண்கிறோம். ஒரு ஸ்கூட்டரின் பாட்டரி நிறைய ஏறக்குறைய 3 யூனிட் போதும். ஆனால் அந்தியில் வீடு திரும்பியதும் எல்லோரும் ஒருசேர இணைத்தால், ஊர் டிரான்ஸ்பார்மரின் சுமை ஏறும், மின்னழுத்தம் தாழும், பிள்ளைகள் படிக்கும் விளக்கு மங்கும்.

கண்மாய் நீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்தவர்கள் நாம். அம்முறையே மின்சாரத்துக்கும் தகும். மடையைக் காக்கும் நீர்க்கட்டியைப் போன்றதே தானியங்கிக் கருவி. நாம் குறித்த நள்ளிரவு வேளையில் அது மின்சாரத்தைத் திறந்துவிடும். பாட்டரி நிறைந்ததும் மூடிவிடும். வீட்டில் மோட்டார் ஓடும்போது சார்ஜைக் குறைத்து, நின்றதும் கூட்டும் கருவிகளும் உண்டு.

கூரையில் சூரியத் தகடு உள்ளோர், வயலிலிருந்து திரும்பிய உச்சிப்பொழுதிலேயே சார்ஜ் செய்வது நலம். 1 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். மத்திய அரசு 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் அறிவித்தது.

பல பஞ்சாயத்துகளில் குப்பை வண்டிகளும் பாட்டரியில் ஓடுகின்றன. காலைப் பணி முடிந்து அவை ஓய்ந்திருக்கும் பகலில் சார்ஜ் செய்து, ஊருக்கு நாமே வழிகாட்டுவோம். எர்த் இணைப்பைச் சோதித்த பின்னரே கருவியைப் பொருத்துவோம். முறை தவறாத ஊரில் விளக்கு மங்காது.