டிவி வாங்கப் போகும் முன் டேப்பை எடுங்கள்



நான் டிவி மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். ஆனாலும் பெரிய டிவி வாங்குவதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. நான் ஏமாந்தவன்.

2023 தீபாவளிக்கு இணையத்தில் தள்ளுபடி பார்த்து 55 இஞ்ச் டிவி வாங்கினேன். 31,000 ரூபாய். அதே அளவில் பெயர்பெற்ற கம்பெனி டிவி அப்போது 48,000. பதினேழாயிரம் மிச்சம் பிடித்ததாக வீட்டில் ஒரு வாரம் பெருமையடித்தேன். பதினான்காவது மாதம், பொங்கல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. மறுவாரம் மூன்று கோடு. வாரண்டியோ ஒரே வருடம். சர்வீஸ் ஆள் திருநெல்வேலியிலிருந்து வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று. பார்த்துவிட்டு, "பேனல் போயிட்டு சார், மாத்த 24,000 ஆகும்" என்றார். மாற்றவில்லை. பரணிலிருந்த பழைய 32 இஞ்ச் மறுபடி ஹாலுக்கு வந்தது. 31,000-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள். மாதம் 2,214 ரூபாய் வாடகைக்கு டிவி பார்த்திருக்கிறேன்!

பேனல் என்பது அந்தத் திரைதான். டிவியின் விலையில் பெரும்பங்கு அதற்கே. திரை பெரிதாகப் பெரிதாக அது போனால் வரும் நஷ்டமும் பெரிது. ஆகவே கடையில் முதல் கேள்வி விலையாக இருக்க வேண்டாம். "அண்ணாச்சி, பேனலுக்கு எத்தனை வருசம் வாரண்டி? தென்காசியில ஆள் இருக்கா?" இதைக் கேளுங்கள். கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டினால் அதில் பேனல் அடங்குமா, அதைத் தருவது கம்பெனியா வேறு யாராவதா என்று பார்த்து, பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வவுச்சர் ஆகாது.

அடுத்து அளவு. இஞ்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை. 55 இஞ்ச் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம். சோபாவில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து சுவர் வரை டேப் பிடியுங்கள். 4கே டிவிக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரம் என்பது நல்ல கணக்கு. 43-க்கு ஐந்தரை அடி, 55-க்கு ஏழடி, 65-க்கு எட்டடிக்குச் சற்று மேல். நம் வீட்டு ஹால்களில் ஏழு, ஏழரை அடிதான் கிடைக்கும். அதனால் 65 எதற்கு என்பது என் கட்சி. தவிர, அந்தப் பெட்டி நம் லிஃப்டில் நேராக நிற்காது. படுக்கப் போட்டுத் தூக்கினால் பேனலுக்கு ஆகாது. படி வழியாக நான்காம் மாடிக்கு நிறுத்தியபடி தூக்க ஆள் தேடுங்கள்.

ஷோரூமில் எல்லா டிவியும் அழகாகத்தான் இருக்கும். அதற்கென்றே பளீரென்று ஒரு செட்டிங் வைத்திருப்பார்கள். ரிமோட்டை வாங்கி 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றி, சாதாரண சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நம்மில் பாதிப் பேர் கேபிள்தான் பார்க்கிறோம். எஸ்.டி. பெட்டியை வைத்துக்கொண்டு 55 இஞ்ச் வாங்கினால் முகமெல்லாம் கரைந்த மாதிரி தெரியும். குறை டிவியில் இல்லை. ஹெச்.டி. பெட்டிக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

விலைக்கு வருவோம். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பத்து சதவீதம் விலை குறைந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. வரியோடு 40,000 என்றால் அசல் விலை 31,250. அதற்கு 18 சதவீதம் சேர்த்தால் 36,875. குறைவது 3,125 ரூபாய், அதாவது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே.

"வட்டியில்லா தவணை" என்பார்கள். இங்கே என் பழைய உத்தியோகம் பேசும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 36,000 ரூபாயை மாதம் 4,000 வீதம் ஒன்பது மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கார்டு வட்டி 15 சதவீதம் என்றால், அதில் வட்டி மட்டும் சுமார் 2,150. அதைத் தள்ளுபடி என்ற பெயரில் முன்கூட்டியே கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு உண்டான ஜி.எஸ்.டி. 387 ரூபாய் உங்கள் கார்டில் ஏறும். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அண்ணாச்சி கால்குலேட்டரை எடுப்பார்.

மின்சாரம் பெரிய செலவில்லை. 100 வாட் இழுக்கும் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். ஆனால் உங்கள் ரீடிங் ஏற்கெனவே 480-ல் நின்றால் யோசியுங்கள். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

நமக்குச் சாரலால் பயமில்லை. அதில் இடி அதிகம் கிடையாது. சித்திரை, ஐப்பசி மழைதான் ஆபத்து. மலையில் மின்னல் வெட்டத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அல்லது கேபிள் வயரையும் கழற்றுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பழைய பெட்டி டிவிகளை மாடிப்படிக்குக் கீழே வைப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். 2006-ல் தொடங்கிய இலவச டிவி திட்டத்தில் கிடைத்த 14 இஞ்ச் பெட்டிகூட அங்கே ஒன்று கிடக்கிறது. அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. குழந்தைகள் அங்கேதான் ஒளிந்து விளையாடுகிறார்கள். புது டிவி வாங்கும்போதே பழையதைக் கடைக்காரரிடம் தள்ளிவிடுங்கள்; 500 ரூபாய் கொடுத்தாலும் சரி.

நான் இந்த முறை 50 இஞ்ச் என்று முடிவு செய்திருக்கிறேன். மட்டமான 55-ஐ விட நல்ல 50 போதும் என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தென்காசிக்குக் கிளம்புகிறோம். காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். டேப் நான் கொண்டு வருகிறேன்.